செவ்வாய்க்கிழமை முதல் காப்புறுதி

ஊரில் எல்லோரும் வீடு கட்டுவார்கள். என் கணவர் கார் கட்டினார். ரொறன்ரோ வோபர்னில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கராஜுக்குள் இரண்டு குளிர்காலம் அவருக்கு அதே வேலை. ட்ரக் ஓட்டிவிட்டு வருவார், சோற்றுக் கோப்பையில் போட்டதைச் சாப்பிடுவார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்த பைபர் கிளாஸ் உடம்பு, அடிபட்ட பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சின், எங்கெங்கோ தேடிப் பிடித்த சில்லுகள். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை கிடையாது. ஆறு மாதம் பனி கொட்டுகிற ரொறன்ரோவில் கூரை இல்லாத கார் எதற்கு என்று கேட்டேன்.

"மிச்ச ஆறு மாதத்துக்கு" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே நான் அந்தக் காரைப் பொறுத்துக்கொண்டேன். கனடாவுக்கு வந்த புதிதில் இந்த மனிதர் இப்படிப் பதில் சொல்கிறவராக இருக்கவில்லை. பிறம்ரன் களஞ்சியத்தில் சாமான் ஏற்றி, நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடி, வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். தொலைக்காட்சி ஓடாது. போடட்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அது வேண்டும் என்ற ஆட்டமா வேண்டாம் என்ற ஆட்டமா என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. பெட்டிகள் வந்த பிறகுதான் வாய் திறந்தது. பிரேக் குழாயைப் பற்றிக் கதைப்பார், கதவுப் பிணைச்சலைப் பற்றிக் கதைப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன். காருக்கு ஏதும் நடந்தால் மனிதர் பழையபடி அந்த இருட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய்விடுவார் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

நான் அப்போது காப்புறுதி முகவர் ஒருவரின் கந்தோரில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தேன். ஆகவே காப்புறுதி என் பொறுப்பு என்று கேட்காமலே முடிவாகிவிட்டது. வீட்டுக் காப்புறுதியை முதலில் பார்த்தேன். கராஜ் எரிந்தால் கராஜுக்குத் தருவார்களாம், உள்ளே நிற்கிற வாகனத்துக்குத் தரமாட்டார்களாம். சரி, காருக்குத் தனியாக எடுப்போம் என்று கார்க் காப்புறுதிக் கொம்பனிகளைக் கேட்டேன். பதிவு செய்த காரா என்றார்கள். இல்லை. முதலில் பதியுங்கள் என்றார்கள். பதிகிற இடத்தில் முதலில் பரிசோதனை என்றார்கள். பரிசோதிக்கிற கராஜ்காரர் தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு இலக்கத்தகடு வேண்டும் என்றார். தகடு கொடுக்கிறவர்கள் காப்புறுதி எங்கே என்றார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதுதான் எனக்குக் கூடுதலாக எரிச்சல் தந்தது.

"யார் தயாரித்த கார்?" என்று ஒருவர் கேட்டார்.

"என்னுடைய கணவர்."

"எந்த ஆண்டுக் கார்?"

"இன்னும் முடியவில்லை."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். கந்தோர் முதலாளி தன் பங்குக்கு, "காப்புறுதிக்காரியின்ரை வீட்டிலையே காப்புறுதி இல்லாத கார்" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், கார் வேறு யாருடையதாகவோ இருந்திருந்தால்.

கடைசியில் பழைய கார்களுக்கு மட்டும் காப்புறுதி செய்கிற வெளியூர்க் கொம்பனி ஒன்று அகப்பட்டது. தொலைபேசியில் பேசிய பெண் வயதானவள் போலிருந்தது, அவசரமில்லாமல் கேட்டாள். வீட்டில் கட்டிய கார்கள் தனக்குப் புதிதல்ல என்றாள். கராஜுக்குள் நிற்கும்போது தீக்கும் களவுக்கும் காப்புறுதி தரலாம், பரிசோதனைக்கு இழுவை வண்டியில் ஏற்றிப் போய்வரும்போதும் அது செல்லும், தெருவில் ஓட்டுவது தகடு வந்த பிறகு. இரண்டு நிபந்தனைகள். கராஜ் கதவடியில் தீயணைக்கும் குழாய்ச் சிலிண்டர் ஒன்று தொங்க வேண்டும். நாலு பக்கமும் எடுத்த படங்கள் வேண்டும்.

இவர் அன்றைக்கே சிலிண்டர் வாங்கிவந்து கொழுவினார். படம் எடுக்கும்போது முகம் கழுவி, தலை இழுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். படங்கள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் தொலைபேசி எடுத்தாள். நாலு படத்திலும் ஒரு ஆள் நிற்கிறார், பரவாயில்லை, காரும் தெரிகிறது என்றாள். செவ்வாய்க்கிழமை பிறந்ததும் காப்புறுதி தொடங்கும் என்றாள். பரிசோதனை வியாழக்கிழமை. இவரிடம் சொன்னபோது மனிதர் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்கிற மாதிரிப் பகிடி விட்டார். அவ்வளவு சந்தோசம்.

ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனிலிருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தா. இவருடைய அக்கா. புது வாகனம் என்றால் தெருவுக்கு இறங்கமுன் பூசை வைக்க வேண்டும், சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசிக்க வேண்டும், நல்ல நேரத்தில் எஞ்சினை ஒருதரம் ஸ்ராட் பண்ண வேண்டும் என்றா. வியாழன் காலை இழுவை வண்டி வந்துவிடும், அதற்குமுன் நாள் பார்க்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தோடு இருந்திருக்கிறா.

"செவ்வாய் தொடங்கக்கூடாது. புதன் அட்டமி, வியாழன் நவமி. நாளைக்குச் சஷ்டி, நல்ல நாள். பின்னேரம் வாறன்."

"மச்சாள், செவ்வாய்க்கிழமைதான் இன்சூரன்ஸ் தொடங்குது. ஒரு நாள் பொறுங்கோவன்."

"உங்கடை இன்சூரன்ஸ்காரனுக்கு அட்டமி நவமி தெரியுமோ? அவன் வெள்ளைக்காரன். முருகன்ரை நாளிலை செய்யிறதுக்கு இன்சூரன்ஸ் என்னத்துக்கு?"

இவர் கடவுள் பக்தி கூடியவர் அல்ல. ஆனால் அகதி முகாமில் இவருக்குச் சோறு கொடுத்து வளர்த்தது அந்த அக்கா. "ஒரு கற்பூரம்தானே, கொளுத்தட்டும்" என்றார். நான் சொன்னது இவ்வளவுதான்: வெளியிலே, டிரைவ்வேயில் செய்யுங்கள். ஓம் என்றார்கள் இருவரும்.

திங்கட்கிழமை மச்சாள் சந்தனமும் மாலையும் தேங்காயும் கொண்டு வந்தா. வந்த கையோடு கராஜைக் கூட்டத் தொடங்கினா. எண்ணெய்த் துணி, பழைய சப்பாத்து, பெயின்ற் தகரம் எல்லாம் பின்வளவுக்குப் போயின. சாமி காரியத்துக்கு இடம் துப்புரவாக இருக்க வேண்டும். அந்தச் சிலிண்டரும் அவற்றோடு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. இவர் தாங்கிக்குள் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தார், நல்ல நேரத்தில் எஞ்சின் ஓட வேண்டுமே.

காரை டிரைவ்வேக்கு உருட்டி வந்து நிறுத்தினார்கள். வெளியே மார்ச் மாதக் காற்று. மச்சாள் தேங்காயின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்த, அணைந்தது. இன்னொன்று கொளுத்தினா, அதுவும் அணைந்தது. மூன்றாவது அணைந்தபோது அவவின் முகம் மாறிவிட்டது. புது வாகனத்துக்கு முன்னால் கற்பூரம் அணைவது அபசகுனம்.

"தம்பி, உள்ளை தள்ளடா. கதவை இறக்கு."

நான் வேண்டாம் என்றேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்றா மச்சாள். காரைத் திருப்பி உள்ளே உருட்டினார்கள், கராஜ் கதவை இழுத்து இறக்கினார்கள். மூன்று பேரும் உள்ளே. பெற்றோல் மணம் எனக்கு மூக்கில் ஏறியது. "மணக்குது" என்றேன். "இப்ப ஊத்தினது, அப்பிடித்தான் மணக்கும்" என்றார் இவர். மச்சாள் நெருப்புக்குச்சியைத் தட்டினா.

வெடிக்கவில்லை. நிலத்தோடு நீலமாக ஒன்று ஓடியது, காரின் கீழே போனது, பிறகு கார் பற்றியது. பைபர் கிளாஸ் எரிவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கறுப்புப் புகை, தார் போல. நான் மச்சாளைப் பக்கத்துக் கதவால் வெளியே இழுத்தேன். இவர் வரவில்லை. சிலிண்டர் தொங்கிய ஆணியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கராஜ் கதவைத் தூக்கினார், காற்று உள்ளே வந்தது, நெருப்பு இன்னும் எழும்பியது. அப்படியும் காரின் பின்பக்கத்தை வெறுங்கையால் பிடித்துத் தெருவுக்கு இழுக்கப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் முன்வீட்டுக்காரர் ஓடிவந்து இவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். தீயணைப்பு வண்டி வந்தபோது வீடு தப்பியிருந்தது. கார் இருந்த இடத்தில் எஞ்சினும் இரும்புச் சட்டகமும் மட்டும்.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி நடையில் மச்சாள் திருநீற்றுக் கடதாசிச் சரையைக் கையில் பொத்திக்கொண்டு நின்றா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நல்ல நாள் பாத்துத்தானே சொன்னனான்" என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கு எரிஞ்சதெண்டு சொல்லேலாதோ?"

தெரு முழுக்கப் பார்த்த நெருப்பை நாள் மாற்றிச் சொல்ல முடியாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவவை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த எண்ணம் முழுதாகப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

கீழே போய்ப் பொதுத் தொலைபேசியில் அந்தக் கொம்பனிப் பெண்ணை எடுத்தேன். நான் வாய் திறக்கமுன் அவள் சந்தோசமாகச் சொன்னாள், இன்றிலிருந்து உங்கள் கணவரின் கார் எங்கள் பொறுப்பு என்று. நான் நடந்ததைச் சொன்னேன். அவள், அந்த வெள்ளைச் சட்டை போட்டவருக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

மேலே வந்தேன். இவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை துணி சுற்றி, தலையணையில் வைத்திருந்தார்கள்.

"கதைச்சனீரோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"இண்டையிலையிருந்து இன்சூரன்ஸ் இருக்காம்."

தலையை ஆட்டினார். "நான் பெற்றோல் குழாய்க் கிளிப்பை இறுக்கினனான்" என்றார். "இறுக்கினதை நீங்கள் சொல்லவும் வேணுமோ?" என்றேன். "வியாழக்கிழமை வாற இழுவை வண்டிக்காரனுக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லும், வரவேண்டாமெண்டு" என்றார்.

கராஜைத் திருத்த வீட்டுக் காப்புறுதி காசு தந்தது. புதுக் கதவு, புதுச் சுவர். கைகள் ஆறி அவர் பழையபடி ட்ரக்கில் ஏறினார். வேலை முடிந்து வந்து சாப்பிடுவார், தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருப்பார். போடட்டுமா என்று நான் கேட்பதில்லை. நானே போட்டுவிடுவேன். அதன் வெளிச்சம் முகத்தில் விழும், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.