துவைத்த ரத்தம்

எங்கள் பகுதிச் சலவைக்கடைக்காரருக்குப் பளிச்சு என்று பட்டப்பெயர். அவர் முறைத்துப் பார்த்தால் போதும், சட்டையில் ஒட்டிய மசிக்கறை தானாக இறங்கி வாசலைப் பார்த்து நடந்துவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நடக்காது, இரண்டு தரம் சோப்பு போட வேண்டும். ஆனாலும் கறை விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அப்பேர்ப்பட்டவரின் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. கல்லீரலையே முழுசாக எடுத்துவிட்டு வேறு வைத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். என்னுடையதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி முன்வந்தார். கடையில் இஸ்திரிப் பெட்டி அவர் கையில்தான். “தேய்ச்சுக் கொடுக்கணுமா, அப்படியே கொடுக்கலாமா?” என்று அறுவை டாக்டரையே கேட்டுச் சிரிக்க வைத்தவர்.

சிக்கல் ரத்தத்தில் வந்தது. முன்பு பலமுறை ரத்தம் ஏற்றியதில், அடுத்தவர் ரத்தத்தைக் கண்டாலே சண்டைக்குப் போகும்படி பளிச்சுவின் உடம்பு பழகியிருந்தது. ஊர் ஊராகத் தேடியும் பொருந்திய பைகள் கொஞ்சம்தான். கல்லீரலை மாற்றும்போது எவ்வளவு ரத்தம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சிந்துகிற ரத்தத்தை உறிஞ்சி, இயந்திரத்தில் கழுவி, அவருக்கே திருப்பி ஏற்றலாம் என்றார் டாக்டர்.

பளிச்சு முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு ஒரேயொரு சிவப்புக் கைக்குட்டை கலந்து, அத்தனையும் ரோஜா நிறமானதைக் கண்ணால் பார்த்தவர் அவர். கட்டிக்குப் பக்கத்தில் சிந்திய ரத்தத்தில் கட்டியின் விதை கலந்திருக்காதா? ஒன்றுகூடத் தப்பாது என்று சத்தியம் செய்வீர்களா என்று கேட்டார். சத்தியம் செய்ய முடியாது என்று டாக்டர் உள்ளதைச் சொன்னார். பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் பளிச்சு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த இயந்திரத்தை ஓட்டும் பெண் வந்தாள். கட்டியை ஒட்டிச் சிந்துவதை எடுக்கவே மாட்டோம், அது வேறு குழாயில் குப்பைக்குப் போய்விடும் என்றாள். மற்றதைக் கிண்ணத்தில் சுழற்றி, உப்புநீரில் அலசி, சிவப்பணுக்களை மட்டும் பிரித்து, வடிகட்டியிலும் விட்டுத்தான் ஏற்றுவார்களாம். இப்படி ஏற்றிக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் அதிகமாகத் திரும்பியதாக இதுவரை பார்த்த ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் பெரிய ஆய்வுகள் இன்னும் வரவில்லை என்றும் மறைக்காமல் சொன்னாள்.

பளிச்சு மனைவியைப் பார்த்தார்.

“எனக்காகப் பயப்படல. நீ உன் உடம்பை அறுத்துக் கொடுக்கிற. அதுல போய் என் அழுக்கைக் கொட்டச் சொல்றியா?”

அப்போதுதான் மனைவிக்கு விஷயம் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு கோபம் வந்தது.

“ஏங்க, சிந்தாம உடம்புக்குள்ளயே ஓடுற ரத்தம் எங்க போகும்? அதுவும் நான் கொடுத்ததுக்குள்ளதானே போகும்? அதை யாரு துவைக்கிறா? துவைக்காததை விட்டுட்டு, துவைச்சு வர்றதைப் பார்த்துப் பயப்படுறீங்களே.”

இயந்திரக்காரப் பெண் குறுக்கிட்டு, கத்தி பட்ட இடத்து ரத்தமும் உள்ளே ஓடுவதும் முழுக்க ஒன்றல்ல என்றாள். அதனால்தான் வடிகட்டியும் வைக்கிறோம் என்றாள்.

“இருக்கட்டும்மா,” என்றார் மனைவி. “ரத்தம் பத்தாம இவர் மேசையிலேயே போயிட்டா, நான் கொடுத்தது யாருக்கு? சுத்தமா வச்சிருந்து என்ன செய்ய?”

 பளிச்சு மனசுக்குள் எதை அலசினாரோ, கடைசியில் அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடைசித் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுவியா?”

“அதைப் பார்த்துட்டுத்தான்யா நிறுத்துவேன்.”

தலையாட்டிவிட்டார்.

அறுவை நாளன்று எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ரத்தம் போனது. வைத்திருந்த பைகள் தீர்ந்த பிறகு கழுவிய ரத்தம் கை கொடுத்தது. அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்களில் ஒன்றும் இல்லை. ஒருவர் பிழைத்ததை வைத்து ஊருக்கெல்லாம் உத்தரவாதம் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். அறுவை முடிந்த பிறகு மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து அவரிடம் தள்ளிக்கொண்டு போனார்களே, அப்போது பளிச்சு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வார்டே அதிர, “வெளுத்துட்டாங்க, இனி நானும் வெள்ளை, நீயும் வெள்ளை!” என்றாராம்.

இதுவரை எழுதியதை நான் கடையில் வாசித்துக் காட்டியபோது, மடித்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

“அவர் நிமிரவும் இல்ல, பேசவும் இல்ல. தொண்டையில குழாய் விட்ட புண்ணு, குரல் எங்க வரும்? நான் பக்கத்துல போனதும் என் போர்வை விலகியிருந்ததைப் பார்த்தார். கையை நீட்டி, தையல் போட்ட இடத்து மேல இழுத்து மூடிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அப்படியே எழுதுங்க.”