சோமனூரில் ஓர் இயக்குநருக்கு ரேங்க் போட்ட வாரம்

தியேட்டர் மேனேஜர் வேலையில் ஏசி ஓடாவிட்டாலும் திட்டு, ஓடினாலும் திட்டு. பொதுமக்கள் முன்னால் நின்று பிழைக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பழைய படங்களை மறுபடி வெளியிடுவது இப்போது எங்கும் நடக்கிறதே என்று, பெரிய விருதெல்லாம் வாங்கிய ஓர் இயக்குநரின் சிறந்த ஐந்து படங்களைத் தேர்ந்து எங்கள் தியேட்டரில் போட்டோம். திங்கட்கிழமை ஐந்தாவது இடம், வெள்ளிக்கிழமை முதலிடம். வரிசை போட்டவள் நான். அதைப் பெரிய போர்டாக வாசலில் வேறு வைத்தேன். வினை அங்கேதான்.

எருமைக்கு மரியாதை

முதல் ஆட்சேபம் முதலாளியிடமிருந்து. சினிமாவே பார்க்காத மனிதர். திங்கட்கிழமை காலை போர்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். பஞ்சாயத்துத் தேர்தல் படத்தை ஏன் ஐந்தாவதாகப் போட்டேன் என்று கேட்டார். நடுவில் கதை தொய்கிறது, கடைசி அரை மணி நேரம் இழுவை என்று நான் உற்சாகமாக அடுக்கினேன். அதில் ஒரு பாட்டை அவருடைய தோட்டத்தில்தான் எடுத்தார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க அம்மணி. ஆனா அதுல எங்க எருமை நடிச்சிருக்குது. அதைக் கடைசியில போட்டா ஊட்டுக்காரி என்னைய உள்ள உடுவாளா?"

சத்தமே இல்லாத படம்

பிரிந்துபோன கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் பேசாமல் வாழ்கிற கதை. வசனம் குறைவு, இசை அதைவிடக் குறைவு. எனக்கு உயிர். புதன்கிழமை அதைப் பார்க்கத் தறி ஓட்டுகிற நாலு பேர் ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அதில் ஒருவருடைய தலை பக்கத்துத் தோளில் சாய்ந்திருந்தது. படம் விட்டதும் சண்டைக்கு வருவார் என்று கேன்டீன் பக்கம் ஒதுங்கினேன். தேடிப் பிடித்து வந்துவிட்டார்.

"நாள் பூரா தறிச் சத்தமுங்க, காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். இப்படி அசந்து தூங்கி எத்தன நாளாச்சுங்க! இதையே மொதலாவதா போடுங்க."

கல்யாணம் நிற்கப் பார்த்தது

டிக்கெட் கொடுக்கும் சரஸ்வதியக்காவின் மகள் பள்ளிக்கூட டீச்சர். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை பார்க்கும் ஒரு பையனோடு சம்பந்தம் பேசியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருநாள் பார்த்துப் பேசட்டும் என்றபோது, "நம்ம தியேட்டருக்கே வரட்டுமே" என்று வாயைக் கொடுத்தவள் நான்தான்.

வியாழக்கிழமை இடைவேளையில் வாசலில் ஒரே சத்தம். போர்டுக்கு முன்னால் நின்று அந்தப் பையன், செவ்வாய்க்கிழமை போட்ட கோர்ட் படம்தான் முதலிடம் என்கிறான். அன்றைக்கு ஓடிய, மெஸ் நடத்துகிற அக்கா தங்கை படத்தை விட்டால் வேறு படமே இல்லை என்கிறாள் பெண். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். சரஸ்வதியக்கா கவுண்டரை மூடிவிட்டு வந்து என்னை முறைத்தார். படம் முடிந்ததும் பையன் யாரிடமும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை, பையன் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணே வந்து சொன்னாள். உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"அவருக்குப் படம் பாக்கவே தெரியலீங்க்கா. ஆனா நான் பேசி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாம கேட்டாருங்க. மத்ததைக் கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கறேன்."

பக்கத்து சீட்டுக்காரர்

வெள்ளிக்கிழமை, நான் முதலிடம் கொடுத்த லாரி டிரைவர் படம். பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த இயக்குநர், சொல்லாமல் கொள்ளாமல் டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டு ஓடினேன். பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பக்கத்து சீட்டில் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர். படம் முழுக்க வாய் ஓயவில்லை. கடைசியில் டிரைவர் செத்ததும் இயக்குநர் பக்கமே திரும்பி, "அந்தப் பையனை எதுக்குங்க சாகடிக்கோணும்? எடுத்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லீங்க!" என்று பொரிந்தார். பின்வரிசையில் நின்ற நான் கண்டக்டரை அடக்க முன்னால் நகர்ந்தேன். இயக்குநர் சிரித்தபடி எழுந்து அவர் தோளைத் தட்டினார்.

"படம் வந்த நாள்ல இருந்து எங்க ஊட்டுலயும் இதையேதானுங்க சொல்றாங்க. நீங்களாச்சும் டிக்கெட் எடுத்துட்டுத் திட்டறீங்க."

படங்களுக்கு ரேங்க் போட ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து போட்டுக்கொள்வது நல்லது; தியேட்டர் வாசலில் போட்டால், வருகிறவர்கள் எல்லாம் நமக்கு ரேங்க் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.