சித்தப்பா ஏறிய வண்டிகள்

சித்தப்பா தாய்லாந்துக்குப் போனபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி, பூந்தமல்லி ஏஜென்ட் ஒருவன் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான். "இன்னா கம்பெனின்னே தெரியாம எப்டிடா போவ?" என்று கேட்ட அப்பா, கடைசி இரண்டு நாள் தம்பியோடு பேசவே இல்லை.

எனக்கோ கொண்டாட்டம். வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போவதே எனக்குப் பெரிய பயணம். தாய்லாந்தில் என்னென்ன வண்டி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி சித்தப்பாவிடம் கேட்டிருந்தேன். அவரும் மறக்கவில்லை. ஆன்லைன் வகுப்புக்காக அம்மாவின் பழைய ஃபோன் என்னிடம் இருந்தது. அதற்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

"பாப்பா, இங்க ரயிலு தலைக்குமேல ஓடுது. பைக்கே டாக்ஸிதான். ஓட்றவன் ஆரஞ்சு கலர் சொக்கா போட்டுகினு கீறான். சின்ன லாரி மாரி ஒண்ணு, பின்னால ரெண்டு பலகை, எதுருக்கெதுரு குந்திகினு போறாங்கோ. எல்லாத்துலயும் ஒனக்காவ ஒரு தபா ஏறிட்டேன்."

மூன்றாம் நாள், கம்பெனி ஆட்கள் தன்னை வேனில் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஏழெட்டு மணி நேரம் ஆகும், கம்பெனி வெளியூரில் இருக்கிறதாம். மறுநாள் வந்த செய்தியில் குரல் தாழ்ந்திருந்தது.

"பாப்பா, ஒரு ஆறு கீது. சின்ன ஆறுதான். போட்ல அந்தாண்ட போவணுமாம். ஒங்கப்பாகிட்ட இப்ப சொல்லாத, பயந்துக்குவாரு. போய்ச் சேந்துட்டு நானே சொல்றேன்."

படகு! அதுவும் என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம். பள்ளியில் இரண்டு பேரிடம் பீற்றிக்கொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. அதோடு செய்திகள் நின்றுபோயின. அப்பா சித்தப்பாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். ஏஜென்டின் ஃபோனும் அணைந்து கிடந்தது. அம்மா சமைத்த சோறு அப்படியே இருந்தது. படகுச் செய்தி வந்த நான்காம் நாள், அப்பா சுவரில் சாய்ந்து அழுவதைப் பார்த்த பிறகுதான் அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. மூன்று முறை கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபோனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

ஆற்றின் அந்தக் கரை வேறு நாடு. அங்கே சித்தப்பாவின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, வேலி போட்ட கட்டடத்தில் அடைத்து, ஃபோனில் ஊராரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடித்திருக்கிறார்கள். ஏழு மாதம் கழித்து, வேறு பலரோடு அவரையும் மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

விமான நிலையத்தில் வெளியே வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா வாடகைக் கார் பேசியிருந்தார். கதவைத் திறந்த பிறகும் சித்தப்பா ஏறாமல் நின்றார்.

"அண்ணாத்தே, எந்த வழியா போறீங்கோ?" என்று டிரைவரைக் கேட்டார்.

"பூந்தமல்லி, ஆவடி, அப்டியே வேப்பம்பட்டு" என்றார் டிரைவர்.

"ஊட்டுக்குத்தான்டா, ஏறு" என்று அப்பா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

சித்தப்பா என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரகசியத்தைப் போட்டுக் கொடுத்ததற்குக் கோபம் என்று நினைத்தேன். பூந்தமல்லி தாண்டியதும் அவர் காதருகே போய், "சாரி சித்தப்பா, அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப சொன்ன?"

"ஒடனே சொல்லல. நாலு நாள் யார் கேட்டும் சொல்லவே இல்ல" என்றேன், பெருமையாக.

பிடித்திருந்த கை தளர்ந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.