கயிற்றின் கடைசி ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நள்ளிரவில் நடக்கவில்லை. இடுகாட்டில் நடக்கவில்லை. நல்ல வெயிலில், மாலை நாலேகால் மணிக்கு, ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த கல்லூரி மைதானத்தில் எனக்கு நடந்தது. அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் இடுப்பில் தழும்பு இன்னும் இருக்கிறது.

1998, ஏப்ரல். விஸ்கான்சினில் ஆற்றோரம் ஒரு சின்னக் கல்லூரி. பெயர் வேண்டாம். பெண்களுக்கு ஏழு சகோதரியர் சங்கங்கள், பையன்களுக்கு ஆறு சகோதரர் சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் கிரேக்க எழுத்தில் பெயர், தங்குவதற்கு ஒரு பெரிய வீடு, அடுத்த வீட்டோடு ஐம்பது வருஷப் பகை. வசந்த காலத்தில் ‘கிரேக்க வாரம்’ வரும். கட்டிலுக்குச் சக்கரம் வைத்துத் தள்ளும் பந்தயம், படகுப் போட்டி, பாட்டு, கூத்து. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, கயிறு இழுப்பு. நடுவில் சேற்றுக்குழி. அணிக்கு ஒன்பது பேர். தோற்றவர்கள் சேற்றில்.

என் பெயர் பிரிட்டா ஹால்வர்சன். மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். தீவன மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்றுபோயிருந்தது. எங்கள் சங்க வீட்டில் இருந்த நாற்பது பெண்களில் பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. கயிறு இழுப்புக்கு ஆள் எடுத்தபோதுதான் ஜோயெல் ப்ரூட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாலாம் வருஷக்காரி, அணித் தலைவி. மூன்று வருஷமும் சேற்றில் விழுந்தவள்.

“உன்னைக் கடைசியில நிறுத்தறேன்டி. எனக்குப் பின்னாடி நீதான் நங்கூரம்,” என்றாள்.

சந்தோஷத்தில் வேகமாகத் தலையாட்டினேன்.

கடைசி ஆளுக்கு முன்னால் எட்டு முதுகுகள் தெரியும். பின்னால் ஒன்றும் இல்லை. தோளைத் தாண்டி விழும் கயிற்றின் வால் மட்டும் புல்லில் கிடக்கும்.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குப் பயிற்சி முடிந்தது. குதிகால் ஊன்ற ஆளுக்கு இரண்டு குழி தோண்டியிருந்தோம். போகும்போது சும்மா திரும்பிப் பார்த்தேன். என் குழிகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. புதிதாகப் பெயர்ந்த ஈர மண். என் காலைவிடச் சின்னது. ஏதோ பிராணி பறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை, எங்களைப் பயிற்றுவிக்க வந்த டெஸ்மண்ட் என்ற பையன் தூரத்திலிருந்து கத்தினான்.

“பத்துப் பேர் இழுத்தா நடுவர் தூக்கி வெளிய போட்டுடுவார்! ஒருத்தி விலகுங்க!”

“கண்ணாடியை மாத்துடா. ஒன்பது பேர்தான்!” என்றாள் ஜோயெல்.

அவன் கிட்டே வந்து விரல்விட்டு எண்ணினான். ஒன்பது. தலையைச் சொறிந்தான். எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மூச்சுச் சத்தம்.

இழுக்கும்போது எல்லோரும் ஒரே தாளத்தில் ‘ஹ்ம்’ என்று மூச்சு விடுவோம். முன்னால் எட்டு, நான் ஒன்று. ஹ்ம்... ஹ்ம்... அதற்கு அரை நொடி பிந்தி இன்னொரு ‘ஹ்ம்’ கேட்டது. மெலிதாக. கரகரப்பாக. என் பிடரிக்குப் பின்னால்.

அன்றே ஜோயெலிடம் சொன்னேன்.

“பயந்தா இப்பவே சொல்லு. வேற ஆள் பாத்துக்கறேன்,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஜோயெல் என்னைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கையில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு நைலான் கயிறு.

“இடுப்புல கட்டிடறேன். மறுமுனையைப் பெரிய கயித்தோட சேத்துடுவேன். உன் கை நழுவினாலும் உடம்பு நழுவாது. மேல தொளதொளன்னு சட்டை. யாருக்கும் தெரியாது.”

“உடம்புல கட்டக் கூடாதுன்னு விதி இருக்கே?”

“எந்தக் காலத்து விதி? ஏன்னு யாருக்காவது தெரியுமா? பிரிட்டா... உன்னை நம்பித்தான்டி இருக்கேன்.”

என் முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சு. முழங்காலை என் இடுப்பில் ஊன்றி இறுக்கினாள். அந்த முடிச்சை என் கையால் எட்டவே முடியவில்லை.

4.10. மைதானத்தில் நிற்க இடமில்லை. சுட்ட இறைச்சி வாசனை, முரசு, கூச்சல். ஜோயெல் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்து, தனக்கும் எனக்கும் நடுவில் நைலானைப் பிணைத்தாள்.

4.14. விசில்.

முதல் நிமிடம் அசைவில்லை. இரண்டாவது நிமிடம் எதிர் அணி அரை அடி வந்தது. வெயில் முகத்தில் அடித்தது. ஹ்ம்... ஹ்ம்... ஜோயெல் முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, “விடாத... விடாத...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

4.17. ஒரு கணத்தில் கூச்சல் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. தண்ணீருக்குள் தலை முங்கினதுபோல.

பின்னால் அந்த மூச்சு.

ஹ்ம்.

புல்லில் கிடக்கவேண்டிய கயிற்றின் வால்... விறைத்தது. யாரோ பிடித்து இழுக்கிறார்கள்.

தலையைத் திருப்ப முடியவில்லை. திருப்பினால் பிடி போய்விடும். கடைக்கண்ணால் தரையைப் பார்த்தேன். என் நிழல் எனக்குப் பின்னால் நீண்டு கிடந்தது. அதன்மேல் வேறு நிழல் இல்லை.

எதிர் அணி வெடுக்கென்று இழுத்தது. நைலான் வயிற்றை அறுத்தது. மூச்சு நின்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“ஜோயெல்... அவுத்துவிடு...”

“விடாத!”

“செத்துடுவேன்...”

“விடாதடி!”

4.19.

என் சட்டைக்குள் ஒரு கை நுழைந்தது.

பின்னாலிருந்து.

சில்லென்ற விரல்கள்.

முதுகெலும்பு ஓரமாக ஊர்ந்தன.

முடிச்சைத் தொட்டன.

நகத்தால் நெம்பின.

அவசரமே இல்லை. பழகின கை.

ஒன்று அவிழ்ந்தது...

இன்னொன்று...

காது அருகில் ஒரு மூச்சு.

ஹ்ம்.

கட்டு விட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். வானம் தெரிந்தது. எனக்குப் பின்னால்... யாரும் இல்லை.

அப்போதுதான் ஜோயெல் அலறினாள்.

கயிறு சரசரவென்று முன்னால் ஓடியது. மற்ற ஏழு பேரும் கையை விட்டுவிட்டுச் சரிந்தார்கள். ஜோயெலால் விட முடியவில்லை. என் இடுப்பில் இருந்த நைலான் அவளுடைய வலது மணிக்கட்டில் இருந்தது. மூன்று சுற்று. கயிறு அவளைத் தரையோடு தரையாக இழுத்துப்போய், சரிந்து கிடந்தவர்களின் நடுவே சிக்கவைத்தது. எதிர் அணிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெயித்த வெறியில் அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரவு பதினோரு மணிக்கு ஜோயெலின் அந்தக் கையை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஊர் மருத்துவமனையில் அவளுக்கு மூன்றாவது அறை. எனக்கு நான்காவது. மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். முகம் வெளுத்துக் கிடந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“ஏன்டி அப்படிப் பண்ணினே?”

“என்ன பண்ணினேன்?”

“பின்னாடியிருந்து கை வந்துச்சு. என் மணிக்கட்டுல கயித்தைச் சுத்துச்சு. நான் நீன்னு நெனச்சேன். வேணாம், வேணாம்னு கத்தினேனே... காதுல விழலையா?”

“ஜோயெல், என் ரெண்டு கையும் கயித்துல இருந்துச்சு. அப்புறம் விழுந்துட்டேன்.”

அவள் அப்போதுதான் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு, “ரொம்பச் சில்லுனு இருந்துச்சு,” என்றாள். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. அன்று மட்டுமல்ல. இன்றுவரை.

கல்லூரி விசாரித்தது. சட்டைக்குள் கயிறு கட்டியிருந்ததை ஒப்புக்கொண்டேன். அந்தக் கயிறு அவள் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். தெரியாது. கயிறு இழுப்பை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை, என் இடுப்புக் காயத்துக்கு மருந்து போட வெர்லா கிரெப்ஸ் வந்தார். தலைமை நர்ஸ், அறுபதை நெருங்கும் பெண்மணி. போர்வையை விலக்கினவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இடுப்புல கட்டினாங்களா?”

“ஆமா.”

“யார் கட்டினது?”

“எங்க தலைவி. எனக்கு முன்னாடி நின்னவ.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஞ்சு கையிலேயே இருந்தது.

“அறுபத்தொண்ணுல இதே மாதிரி ஒரு பொண்ணு வந்தா. லோர்னா விக்னு பேரு. உங்க கல்லூரிதான். அவளும் கடைசி ஆள். வேணாம்னு சொல்லியும் அவ தலைவி பெரிய கயித்தையே இடுப்புல சுத்திக் கட்டிட்டா. அதுக்கப்புறம்தான் அந்த விதியே வந்துச்சு.”

“செத்துட்டாளா?”

“உடனே இல்ல. பதினோரு நாள் கெடந்தா. கண்ணு தெறக்கல, பேச்சில்ல. நான் அப்ப பயிற்சிக்கு வந்த புதுசு. பக்கத்துலயே உக்காந்திருப்பேன். விரல் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். போர்வை ஓரத்தைப் பிடிச்சு, நகத்தால நெம்பி நெம்பி... என்ன பண்றான்னு எனக்கு நாலு நாள் வரைக்கும் புரியல.”

எனக்குப் புரிந்துவிட்டது.

“முடிச்சு அவுத்துக்கிட்டிருந்தா,” என்றார் அவர். “ராத்திரி பகலா, பத்து நாள்.”

“பதினோராவது நாள்?”

அவர் பஞ்சைத் தட்டில் வைத்தார்.

“அன்னிக்கு மட்டும் அவுக்கல. காத்துல எதையோ பிடிச்சா. அதுல சுத்த ஆரம்பிச்சா. மூணு சுத்து... ஒரு இழு. மூணு சுத்து... ஒரு இழு. சாகற வரைக்கும்.”