நாலு அறையும் ஒரு பழுதான கதவும்

வங்காளத்து டாலிகஞ்சில் தோசைக்கடை நடத்தும் எனக்கு, மாவு வாளியைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. "தாதா, வெறும் கேஸ்!" என்றார், என்னை அப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்துக்கடை வங்காளி. இந்த ஊரில் முழங்கால் வலித்தாலும் கேஸ்தான், வயிற்று வாயுதான். பள்ளிக்கூடம் பார்க்காத என் மண்டை அதை நம்பி, மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்கியது.

கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், இதயத்தில் நாலு அறை இருக்கிறது, ரத்தம் ஒரே பக்கமாகப் போக வால்வு என்ற கதவுகள் உண்டு, எனக்கு அதில் ஒன்று சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது, உடனே ஆபரேஷன் வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "நாலு பேரும் ஒரே அறையில கிடக்கோம், எனக்குள்ள மட்டும் நாலா? கடையை யாரு பாப்பா?"

"நான் பாக்குறேன். நீங்க கதவைச் சரிபண்ணிட்டு வாங்க."

அவள் தோசை என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அந்த வயிற்றெரிச்சலோடுதான் சம்மதித்தேன்.