துறைமுக வீதியில் ஒரு பாதரம்மா

ஆகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள். நான் ஒரு கேள்வி கேட்கப் போனேன். துறைமுகப் பக்கத்து மாதா கோயில் பங்கில் என் காலம் முடிகிறது, அடுத்த மாதம் ஆபிரிக்காவுக்கு மிஷன் வேலையாகப் போகிறேன் என்று அன்ரன் செய்தி அனுப்பியிருந்தான். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். பதினெட்டு வருடங்களுக்கு முன் என்னை விட்டுவிட்டுக் குருமடம் போனவன். இப்போது அவன் பாதர். நான் இன்னும் மிஸ்தான், பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும்.

வவுனியாவில் காலை 6.15 பஸ். ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய 95 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம், 380 ரூபாய். இடப்பக்க யன்னலில் இருக்காதீர்கள், வெயில் கன்னத்தைப் பொசுக்கும். வழியெல்லாம் கேள்வியை ஒத்திகை பார்த்தேன். கத்தோலிக்கக் குருமார் கலியாணம் செய்யலாமா என்று ஆசிரியர் அறையில் நான் போடாத சண்டை இல்லை. முதல் பாப்பரசர் பேதுருவுக்கே மாமியார் இருந்தா, மனைவி இல்லாமல் மாமியார் எங்கிருந்து வந்தா என்று கேட்டு எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறேன். வெல்வது எப்போதும் நான்தான். வென்று என்ன, வீட்டுக்குத் தனியாகத்தான் போகிறேன்.

9.20க்கு இறங்கினேன். அந்த ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போல மான்கள் திரியும், பஸ் நிலையத்தில் ஒன்று என் பையில் மூக்கை விட்டது. அன்ரனுக்குக் கொண்டுபோன பயற்றம் பணியாரத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஓட்டோ இரண்டு கிலோமீற்றர், 300 ரூபாய். ஓட்டியவர் ஒரு கிண்ணியாக்காரர், முஸ்லிம். அவர்களிடம் அண்ணனுக்கு நானா என்று பெயர்.

"மாதா கோயில் பங்குமனைக்கு நானா. பாதரைப் பார்க்க வேணும்."

பணியார வாசம் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். "பாதரம்மாவா நீங்க?"

"பாதரின்ர அம்மா செத்துப்போனா நானா."

"தாய இல்ல தங்கச்சி, பொஞ்சாதியக் கேட்டன். ஐயருக்கு ஐயரம்மா இரிக்கா. பாஸ்டருக்கு பாஸ்டரம்மா இரிக்கா. எங்கட மௌலவிக்கும் பொஞ்சாதி இரிக்கா. பாதருக்கு மட்டும் பாதரம்மா இல்லாமயா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். துறைமுகம் தெரிந்தது. கடலைப் பார்க்கிற சாட்டில் பேசாமல் இருந்துவிட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பங்குமனை வாசலில் அன்ரன் புத்தகப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. நானா சும்மா இருக்கவில்லை. "பாதர், பாதரம்மாவக் கூட்டி வந்திரிக்கன்!"

அன்ரனின் காது சிவந்தது. "எங்களுக்கு அந்த முறை இல்லை நானா."

"அல்லாவே! அப்ப நோய் வந்தா ஆரு பார்க்குற?"

அன்ரன் குனிந்து கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். பன்னிரண்டரைக்கு வரச் சொல்லி நானாவை அனுப்பினேன்.

குசினியில் தேத்தண்ணி போட்டான். பெட்டியில் கட்டாமல் ஒரு கோப்பைதான் மிச்சமிருந்தது. அதை எனக்குத் தந்துவிட்டு, அவன் ஜாம் போத்தலில் குடித்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோக, நேரே கேட்டேன்.

"கலியாணம் செய்யலாம் எண்டு அப்பவே சட்டம் இருந்திருந்தா, அன்ரன்?"

"சட்டம் மாறத்தான் வேணும். பின்னால வாற பெடியளுக்காவது."

"நான் பெடியளைக் கேக்கேல்லை."

போத்தலைக் கீழே வைத்தான். "இருந்திருந்தா நீர் இண்டைக்கு ஓட்டோவில வந்திருக்க மாட்டீர். இஞ்சதான் இருந்திருப்பீர். ஆனா இருந்த சட்டத்திலதான் நான் வாக்குக் குடுத்தனான். அதை உடைக்க என்னால ஏலாது."

அழுதேன், சொல்ல வெட்கமில்லை. எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம். அவன் மேல் கோபப்பட முடியவில்லையே என்பது அதைவிடப் பெரிய கோபம். அவன் பணியாரத்தில் ஒன்றைக் கடித்துவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக மூடி வைத்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குமனைகளுக்குப் பகல் பன்னிரண்டுக்குள் போங்கள், பிறகு பாதர்மார் படுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசும், தலைக்குத் துணி கொண்டுபோங்கள். திரும்ப 1.30க்கு பஸ் உண்டு. நேரமிருந்தால் நிலாவெளிக்கும் போகலாம், நான் போகவில்லை. கேட்க ஏதாவது இருந்தால் பதினெட்டு வருடம் வைத்திருக்காதீர்கள்.

நானா சொன்ன நேரத்துக்கு வந்தார். பாதி வழியில் தொண்டையைச் செருமினார். "கோயிலடியில விசாரிச்சன் தங்கச்சி. பிழையாக் கதைச்சிட்டன். மன்னிச்சுக்கங்க."

"பிழையில்லை நானா. அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோவை மெதுவாக விட்டார். பஸ் நிலையத்தில் பையை எடுத்துத் தந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"பத்திரமாப் போயிட்டு வாங்க, பாதரம்மா."