ஒட்டக ரோமக் கோட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் திருத்தணியில் ஓர் அதிகாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அதிகாரிகள், குமாஸ்தாக்கள் எல்லார் வீட்டுத் துணியையும் வெளுத்தவர் ஒருவர்தான். ஒல்லியான உடம்பு, உவர்மண்ணும் சவுக்காரமும் அரித்த விரல்கள். எந்தத் துணியையும் கண்ணை மூடி இரண்டு விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மூட்டையில் வைப்பார்.

ஒரு மார்கழியில் அதிகாரி தம் சீமைக் கோட்டில் நெய்யைக் கொட்டிக்கொண்டார். மலைக்கோயில் படி பூஜைக்குக் கலெக்டர் வருகிறார், அதற்குள் வெளுத்தாக வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்.

வெளுப்பவர் அதைத் தடவிப் பார்த்தார். "ஒட்டக ரோமங்க இது. சூடு ஆவாது. பச்சத் தண்ணில பூந்திக்கொட்ட நொரை போட்டு அலசி, முறுக்காம, நெழல்ல படுக்கப்போட்டு ஒணத்தணும். நாலு நாளாவுங்க."

"நாளன்னிக்கு வேணும். வெள்ளாவியில வை. சொன்னதச் செய்" என்றேன்.

கோட்டு வெள்ளாவிப் பானையின் கொதி ஆவியில் வெந்து, அட்டைபோல் இறுகி, குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி வந்தது. "எவன்டா வெள்ளாவியில வைக்கச் சொன்னது?" என்று அதிகாரி கத்தினார். நான் பக்கத்தில்தான் காகிதங்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

"என் தப்புதாங்க" என்றார் வெளுப்பவர். அன்றோடு அதிகாரிகள் வீட்டு வேலை எல்லாம் அவரை விட்டுப் போயிற்று.

வாசலில் அவரைப் பிடித்து, "என் பேரை ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"கம்முனு நின்னுகினு இருந்தீங்களே. நான் சொல்லியிருந்தா மட்டும் ஆமான்னு சொல்லியிருப்பீங்களா?"

அதற்குப் பிறகும் என் வீட்டுத் துணியை எடுக்க வந்தார். ஒன்றைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை.